பெங்களூருக்குக் குடும்பத்தோடு போய்விடலாமா?

வாசகர் கேள்வி: ஐயா, எனக்கு வயது 37. காவேரிப்பட்டணத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 9 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சம்பளம் 24,000 ரூபாய். பிடித்தம் போகக் கைக்கு வருவது 22,000. மூன்று ஆண்டுகளாகச் சம்பள உயர்வு இல்லை. இப்போது பெங்களூரு பொம்மசந்திராவில் உள்ள ஓர் உணவுப் பொருள் நிறுவனம் ஆண்டுக்கு 5,40,000 ரூபாய் தருவதாக வேலைக்கு அழைத்திருக்கிறது. மகள் அரசுப் பள்ளியில் 7ஆம் வகுப்பும் மகன் 2ஆம் வகுப்பும் படிக்கிறார்கள். மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய்; மாட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு உண்டு. சந்தாபுராவில் இருக்கும் என் மைத்துனர் 12,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். குடும்பத்தோடு போய்விடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டிருக்கிறீர்கள். 45,000இலிருந்து 24,000ஐக் கழித்து, 21,000 என்று எழுதி, அதன் கீழே இரண்டு முறை கோடு இழுத்திருக்கிறீர்கள். நான்கு பக்கக் கடிதமும் அந்த 21,000 ரூபாயின் மேல்தான் நிற்கிறது என்பதால், நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் இணைத்து அனுப்பிய வேலை உத்தரவில் உள்ள 5,40,000 என்பது நிறுவனம் உங்களுக்காக ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு, சி.டி.சி. என்று சொல்வது இதைத்தான். அதன் இரண்டாம் பக்கத்தில் உள்ள பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மாதம் 45,000 என்பதற்குள் நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி 2,700 ரூபாயும், வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) ஒதுக்கும் 1,082 ரூபாயும், குழுக் காப்பீட்டுக்கான 700 ரூபாயும், ஆண்டு முடிவில் உங்கள் செயல்பாட்டைப் பார்த்துத் தரப்போகும் தொகையின் மாதப் பங்கான 3,000 ரூபாயும் அடங்கியிருக்கின்றன. இவை எவையும் மாதச் சம்பளமாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. மீதியுள்ளதில் உங்கள் பங்கு வைப்பு நிதி 2,700 ரூபாயும் கர்நாடகத் தொழில் வரி 200 ரூபாயும் கழிந்தபின், மாதந்தோறும் கைக்கு வரப்போவது ஏறக்குறைய 34,600 ரூபாய். இப்போது கைக்கு வரும் 22,000 ரூபாயோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 12,600. நீங்கள் கோடிழுத்த தொகையில் கிட்டத்தட்ட 8,400 ரூபாய் இல்லவே இல்லை.

இனி இந்த 12,600 ரூபாயைச் சந்தாபுரா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். வாடகை 12,000 போனால் மிச்சம் 600. அட்வான்ஸ் 1,20,000 ரூபாய்க்கு நகையை அடகு வைத்தால், மாதம் 1 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டாலும் 1,200 ரூபாய் ஆகிறது; ஆக, அரிசி பருப்பு வாங்கத் தொடங்குவதற்கு முன்பே 600 ரூபாய் குறைகிறது. இதற்கு மேல் பிள்ளைகள் இருவருக்கும் தனியார் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 60,000 என்று உங்கள் மைத்துனர் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். அது மாதத்துக்கு 5,000. உங்கள் மனைவி தையலில் 5,000 ரூபாயும், பால் ஊற்றுவதில் 3,000 ரூபாயும் வருகிறது என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த 8,000 ரூபாய் உங்கள் பென்சில் கணக்கில் எங்கும் இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்தால், 45,000 ரூபாய் வேலைக்குப் போன குடும்பம் இன்றைக்கு இருப்பதைவிட மாதம் 13,600 ரூபாய் பின்தங்கி நிற்கும். ஊரில் காசு கொடுக்காமல் கிடைக்கும் முருங்கையும் மோரும் தண்ணீரும் அங்கே காசுக்கு வரும் என்பதை இதில் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அட்வான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டைக் காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்பி வரும் என்று எண்ணிவிடாதீர்கள். என் தம்பி அங்கே குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது, வெள்ளையடிக்கும் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, மீதியைத் தருவதற்கும் அந்த வீட்டுக்காரர் மூன்று மாதம் நடக்கவைத்தார். அந்த மூன்று மாதமும் அடகு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பணக் கணக்கு இத்தோடு இருக்கட்டும். கிருஷ்ணகிரியில் 22 ஆண்டுகளாகக் குடும்ப நிதி ஆலோசகராக இருக்கிறேன். பெங்களூருக்குப் போவதா வேண்டாமா என்று கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் கிராமத்தையும் நகரத்தையும்தான் எடைபோடுகிறார்கள். உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய விஷயம் ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே இருக்கும் மாநில எல்லை. உங்கள் சம்பளம் அந்த எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும். உங்கள் குடும்பம் இந்தப் பக்கம் பெற்றுக்கொண்டிருக்கும் பல உரிமைகள் அந்தப் பக்கம் போகமாட்டா.

முதலில் உங்கள் மகளை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதே 6 முதல் 12 வரை என்ற நிபந்தனையோடுதான் உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 2022இல் தொடங்கியது. உங்கள் மகள் 6ஆம் வகுப்பை முடித்து இந்த வரிசையில் நடந்துகொண்டிருக்கிறாள். நீங்கள் அவளை 8ஆம் வகுப்பில் சந்தாபுரா தனியார் பள்ளியில் சேர்த்தால் அந்த வரிசை அங்கேயே அறுந்துபோகிறது. பிறகு 11ஆம் வகுப்புக்குத் திரும்பி வந்து இங்கே அரசுப் பள்ளியில் சேர்த்தாலும் ஒட்டாது. மகளுக்கு அறிவியலில் நல்ல மதிப்பெண் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த மதிப்பெண்ணுக்கு மதிப்புக் கூட்டப்போவது இந்த ஒதுக்கீடுதான். அதை மாதம் 2,500 ரூபாய் கட்டணமும் கட்டி இழக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

மொழியும் இருக்கிறது. கர்நாடகப் பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2015இல் நிறைவேறியது. கன்னடம் கற்பது நல்லதே. நம் மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசி, கடையில் தமிழ் பேசும் குடும்பங்கள் எத்தனையோ. உங்கள் மகன் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வான். ஆனால் 8ஆம் வகுப்பில் நுழையும் பெண் மற்றப் பாடங்களின் சுமையோடு எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதையும், அவளோடு படிப்பவர்கள் ஏழு ஆண்டுகள் முன்னால் இருப்பார்கள் என்பதையும் பெற்றவர்கள் பெரும்பாலும் சேர்த்த பிறகுதான் உணர்கிறார்கள். சாதிச் சான்றிதழ் விஷயமும் அப்படியே. இங்கே வாங்கிய சான்றிதழை வைத்து அந்த மாநில அரசின் இட ஒதுக்கீட்டைப் பொதுவாகக் கேட்க முடியாது.

உங்கள் மகனுக்குப் பள்ளியிலேயே காலை உணவு கிடைக்கிறது. உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்; மக்களைத் தேடி மருத்துவம் என்ற அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கப்பட்டதே நம் மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். ரேஷனைப் பொறுத்தவரை, உங்கள் அட்டை முன்னுரிமை வகையாக இருந்தால் ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் கர்நாடகக் கடையிலும் அரிசி வாங்கலாம். துவரம் பருப்பும் பாமாயிலும் தமிழ்நாடு அரசு தனியாகத் தருபவை, அவை அங்கே கிடைக்கமாட்டா. இருசக்கர வண்டியை எடுத்துப் போனால், 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓட்டுவதற்கு அந்த மாநிலத்தில் பதிவை மாற்றி வரி கட்ட வேண்டும். இவை சின்னச் சின்ன விஷயங்கள்தாம், இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரு சம்பள உயர்வைத் தின்றுவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இவர் போகவேண்டாம் என்கிறார் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நீங்கள் அந்த வேலைக்குப் போக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். மூன்று ஆண்டுகளாக உயர்வில்லாத சம்பளம் என்பது, விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போது ஆண்டுக்கு ஆண்டு குறையும் சம்பளம். மாங்கூழ்த் தொழிலின் நிலை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெங்களூரா மாங்காய்க்கு விலை சரிந்த 2025 பருவத்தில் நம் விவசாயிகள் பட்ட பாடு நாம் கண்ணால் பார்த்தது. ஒரே பழத்தையும் ஒரே பருவத்தையும் நம்பி உங்கள் தோப்பு வருமானமும் மாதச் சம்பளமும் இரண்டுமே இருப்பது ஆபத்தானது. பொம்மசந்திரா, ஜிகணி, எலெக்ட்ரானிக் சிட்டி என்று அந்தப் பட்டை முழுவதும் ஆய்வகமும் தரக் கட்டுப்பாடும் தெரிந்தவர்களுக்கு அடுத்த வேலையும் அதற்கடுத்த வேலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்கள் இப்போதைய வேலையில் அடுத்த படி என்று ஒன்று இல்லை.

பணத்தில் சொல்ல முடியாத ஒரு நன்மையும் உண்டு. நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்காமல் வேலையைப் பார்த்து மனிதனை மதிக்கும் இடம் நம் ஊர்களைவிடப் பெருநகரத்தில் அதிகம். “அங்கே போனால் என்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்” என்று மூன்றாம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கும் வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை நான் எந்தக் கணக்கிலும் கழிக்கமாட்டேன்.

ஆகவே நான் சொல்வது இது. வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்; குடும்பத்தை இப்போது நகர்த்தாதீர்கள். முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம் என்று உத்தரவில் இருக்கிறது. அது முடிந்து பணி உறுதியாகும்வரை நீங்கள் மட்டும் அங்கே சாப்பாட்டோடு கூடிய பகிர்வு அறையில் தங்குங்கள். அறைக்கு 7,000, வாரம் ஒரு முறை வந்து போக மாதம் 1,500 என்று வைத்தால், 12,600இல் 4,100 ரூபாய் மிஞ்சும். மனைவியின் வருமானமும் அப்படியே நிற்கும். நகை வீட்டில் இருக்கும். வேலை பிடிக்காமல் போனாலும், அவர்கள் உங்களை வேண்டாம் என்றாலும், திரும்பி வருவதற்கு ஒரு வீடு பூட்டாமல் இருக்கும்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முடிவு தேதி வேண்டும். இதை நான் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். என் தந்தை பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தார். ஓராண்டு மட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர். சனிக்கிழமை இரவு கடைசிப் பேருந்தில் வந்து இறங்குவார். பையைத் திறந்தால் எண்ணெய்க் கறை படிந்த சட்டையும், எங்களுக்கென்று வாங்கிய பன்னும் ஒரே வாசனையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குவார். திங்கட்கிழமை விடியற்காலை இரண்டரை மணிக்கு அம்மா எழுந்து களி கிண்டித் தூக்கில் போட்டுக் கொடுக்க, நான் விழித்துப் பார்க்கும்போது அவர் படுத்திருந்த பாய் சுருட்டி மூலையில் நிற்கும். இன்றைக்கும் திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குப் போனால், தூக்குப் பையை மடியில் வைத்தபடி இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளும் ஆண்களைப் பார்க்கலாம். ரயில் இல்லாத ஊர் நம்முடையது. எல்லாம் அந்த ஒரு நெடுஞ்சாலையை நம்பித்தான். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது பேருந்துகள் எல்லையில் நின்றுவிட, மூட்டை முடிச்சோடு நடந்தே எல்லையைக் கடந்து வந்தவர்கள் உண்டு. ஆறு மாதத்துக்குத் தாங்கும் வாழ்க்கை இது. ஆறு ஆண்டுகளுக்கு வேண்டாம்.

பணி உறுதியானபின், வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, குடும்பத்தை ஓசூருக்குக் கொண்டுவாருங்கள். சந்தாபுரா வேண்டாம். ஓசூரிலிருந்து பொம்மசந்திரா 20 கிலோமீட்டருக்கும் குறைவு. பேருந்துகள் அடிக்கடி உண்டு. நிறுவனத்தின் அலுவலகம் பின்னர் நகருக்குள் மாறினாலும், 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. சாலை வரை போகிறது. ஓசூர் அரசுப் பள்ளியில் 8ஆம் வகுப்பில் சேரும் உங்கள் மகளுக்கு 6 முதல் 12 வரை என்ற வரிசை அறுபடாது. மகனுக்குக் காலை உணவும் ரேஷன் பருப்பும் தொடரும். ஓசூரும் இப்போது சின்ன ஊர் இல்லை, மாநகராட்சி. மனைவிக்குத் தையல் வேலை கிடைப்பதும் கடினமாக இராது. சிப்காட்டை ஒட்டிய பகுதிகளில் வாடகை அதிகம் என்பதால் கொஞ்சம் உள்ளே தள்ளித் தேடுங்கள். 8,000 ரூபாய்க்குள் ஒரு வீடு கிடைத்தால், பேருந்துச் செலவு 1,500 போக, 3,100 ரூபாய் கையில் நிற்கும். மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். அதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

அந்த 24,000 ரூபாய் முன்பணத்துக்கு நகையைத் தொடவேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் பணிக்கொடை பற்றி ஒரு சொல் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. தொடர்ந்து 5 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த உங்களுக்கு அது சட்டப்படி உரியது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 என்று உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கு 7,500, ஒன்பது ஆண்டுகளுக்கு 67,500 ரூபாய். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் தரவேண்டும். முறையான அறிவிப்புக் காலத்தை வேலை செய்து முடித்து, விடுவிப்புக் கடிதத்தோடு வெளியே வாருங்கள்.

வருங்கால வைப்பு நிதியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுச் சேவை வேண்டும். உங்களுக்கு 9 ஆகியிருக்கிறது. இப்போது பணத்தை எடுத்தால், சில ஆயிரங்களுக்காக 58 வயதில் மாதந்தோறும் வரவேண்டிய ஓய்வூதியத்தைத் தொலைத்தவராவீர்கள். பழைய கணக்கு எண்ணையே புதிய நிறுவனத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டே 10 நிறைந்துவிடும். அதோடு, நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் மனைவி மக்களோடு அம்மாவையும் சேர்க்க முடியுமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.

உங்கள் தங்கையை அதே ஊரில் கட்டிக் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவும் மாடும் அங்கேயே இருக்கட்டும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர்தான், நினைத்த நாளில் வந்து பார்க்கலாம். தோப்பைப் பூ விடும் பருவத்தில் ஆண்டுக் குத்தகைக்கு விடுங்கள். விற்கும் பேச்சை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம்.

கடைசியாக, உங்கள் மனைவியைப் பற்றி. நான்கு பக்கத்தில் அவரைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி: “கேட்டால் உங்கள் இஷ்டம் என்கிறாள்.” அவருடைய நகை, அவருடைய தையல் வாடிக்கை, அவர் கறக்கும் பால், அவர் பார்த்துக்கொள்ளும் மாமியார் என்று இந்தக் கணக்கில் பாதி அவருடையது. அவர் வாயால் தன் கருத்தைச் சொல்லாமல் இதை முடிவு செய்யாதீர்கள். “போகலாமா” என்று கேட்டால் உங்கள் இஷ்டம் என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக ஓசூர், சந்தாபுரா, ஊர் என்ற மூன்றின் கணக்கையும் ஒரே தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஓசூருக்கு ஒரு முறை போய், பள்ளியையும் தெருவையும் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை அவருடைய சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள். மகளின் பள்ளி மாற்றத்துக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பதை அந்தக் கடிதத்துக்கான பதிலில் எழுதுகிறேன்.